காத்திருப்பை நிறைவுசெய்யும் கருவி

ஐந்து வாக்கியங்களை ஒரு வாக்கியமாகச் சுருக்க முப்பத்தெட்டு நாட்கள் ஆயின. அந்த நாட்களில் குழுவில் இருந்த எல்லோரும் அதைத் திருத்தினார்கள். ஒருவர் எழுந்து நின்று சத்தமாக வாசித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலில் எழுதிய பெண் மட்டும் ஒவ்வொரு முறையும் "சரிங்க சார்" என்றாள்.

அவள் இயற்பியல் படித்தவள். அதனால் அலுவலகத்தில் எல்லோரும் அவளை "பிசிக்ஸ்" என்றே கூப்பிட்டார்கள். வேலை, பொது மருத்துவமனையின் மூட்டு சிகிச்சைப் பிரிவில். அங்கே தொலைபேசியில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வாங்கியிருந்தார்கள். அது இனிமையாகப் பேசும், எவ்வளவு நேரமானாலும் பொறுமையாகக் கேட்கும். ஆனால் பேசுவதைத் தவிர அதனால் தானாக எதுவும் செய்ய முடியாது. தேதி பார்க்க, தேதி கொடுக்க, நோயாளியை வரச் சொல்ல என்று மென்பொருளில் தனித்தனிக் கருவிகள் இருந்தன. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், கீழே ஒரு விளக்கம். உதவியாளர் அந்த விளக்கத்தைப் படித்துத்தான் எந்தக் கருவியை எப்போது இயக்குவது என்று முடிவு செய்யும். விளக்கங்களை எழுதுவது அவள் வேலை.

முதல் நாள் புரோகிராமர் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார்.

"இத வேலைக்குப் புதுசா வந்த ஆளுன்னு நெனச்சுக்கோ. நல்ல புள்ள, சொன்னத அப்படியே நம்பும். ஒரு ரூமுக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கோம். செவுத்துல வரிசையா பொத்தான். பொத்தானுக்கு மேல நீ ஒட்டுற சீட்டு மட்டும்தான் அதுக்குத் தெரியும். சீட்டுல தப்பா எழுதிட்டு அதத் திட்டக் கூடாது."

"எப்படி எழுதணும் சார்?"

"அமுக்கினா என்ன நடக்கும், எப்ப அமுக்கணும், எப்ப அமுக்கக் கூடாது. இது மூணும் இருந்தா போதும். கவிதை வேண்டாம்."

அடுத்த வாரம் அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருடைய நாற்காலியில் ஒரு மொழி ஆலோசகரை உட்காரவைத்தார்கள்.

அவளுக்கு இந்த வேலை பிடித்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குறிப்பு எழுதுவதைப் போல இருந்தது. அடுத்தவர் படித்துவிட்டு அதே சோதனையைச் செய்தால் அதே முடிவு வர வேண்டும். அப்படித்தான் எல்லாக் கருவிகளுக்கும் எழுதினாள். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் கூடுதல் கவனம் எடுத்துக்கொண்டாள். அதன் பெயர் "பெயர் நீக்கு". அவள் எழுதியது இது:

"நோயாளியின் பெயரைக் காத்திருப்போர் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கும். நீக்கிய பெயரைப் பழைய இடத்தில் சேர்க்க முடியாது, புதிதாகப் பதிந்தால் கடைசி இடம்தான். நோயாளி இறந்துவிட்டால், அல்லது சிகிச்சையே வேண்டாம் என்று அவர் தெளிவாகச் சொன்னால் மட்டும் பயன்படுத்தவும். தாமதம் பற்றிப் புகார் சொல்பவர்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது. நீக்கும் முன் நோயாளியிடம் கேட்டு உறுதிசெய்யவும்."

விளக்கங்கள் எல்லாம் விளக்கச் செம்மைக் குழுவின் ஒப்புதல் பெற்றாக வேண்டும். குழு கூடும் அறையில் குளிர் அதிகம். தலைவர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வருவார். ஏசியைக் குறைக்கச் சொல்ல மாட்டார். அதற்கு வேறு குழு இருந்தது.

அவளுடைய ஐந்து வாக்கியங்களும் திரையில் வந்தன.

"யாரும்மா எழுதினது?" என்று தலைவர் கேட்டார்.

"நான்தான் சார்."

"வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க சார்."

"அப்புறம் ஏன்மா இவ்ளோ இருட்டு?"

மொழி ஆலோசகர் பேனாவால் திரையைச் சுட்டிக்காட்டினார். "நீக்கும், முடியாது, இறந்து, வேண்டாம், தாமதம், புகார், கூடாது. படிக்கப் படிக்க எனக்கே மூட்டு வலிக்குது சார்."

"இத நோயாளிங்க யாரும் படிக்க மாட்டாங்க சார்" என்றாள் அவள். "அந்த உதவியாளர் மட்டும்தான் படிக்கும்."

"அதான் பயமா இருக்கு" என்றார் தலைவர். "மனுஷன் படிச்சா மறந்துடுவான். அது மறக்காது. நம்மளப் பத்தி அது என்னம்மா நெனைக்கும்? பேர நீக்குறாங்க, ஆளு சாகுறாங்க, தாமதமாகுது. இப்படியா நம்மள அதுக்கு அறிமுகப்படுத்துறது?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"நான் சர்வீசுக்கு வந்த நாள்லேர்ந்து ஒருத்தரக்கூட இல்லன்னு சொல்லித் திருப்பி அனுப்புனதில்ல. பாக்கலாம்னு சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். அதுல நெறைய பேரு இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒருத்தராவது என்மேல வருத்தப்பட்டிருப்பாங்களா? சொல்லுங்க."

எதிர்மறைச் சொற்கள் எந்த விளக்கத்திலும் இடம்பெறலாகாது என்று அன்றே தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்திலேயே "எதிர்மறை" என்றும் "ஆகாது" என்றும் வருவதை ஆலோசகர் கவனித்துச் சொன்னார். அதைச் சரிசெய்ய மதியம் வரை ஆனது.

பிறகு வாரம் ஒரு கூட்டம் நடந்தது. முதலில் "நீக்கும்" போனது. கூடவே கருவியின் பெயரும் போனது. "இறந்துவிட்டால்" என்பதைச் "சேவைகளுக்கு அப்பாற்பட்ட உயர்நிலையை எய்தினால்" என்று மாற்றினார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த உயர்நிலை எது என்று யாருக்கும் நினைவில்லை. ஒருவர் பதவி உயர்வாக இருக்கலாம் என்றார். அந்த வாக்கியத்தையே எடுத்துவிட்டார்கள். "உறுதிசெய்யவும்" என்பது நோயாளியின் வார்த்தையைச் சந்தேகிப்பதாகும் என்று எடுத்தார்கள். "மட்டும்" என்ற சொல்லை எல்லா விளக்கங்களிலிருந்தும் எடுத்தார்கள், அது குறுகிய மனப்பான்மையைக் காட்டுகிறதாம்.

கடைசியாக மிஞ்சியது, தாமதம் பற்றிய வாக்கியம்.

"சார், இது ஒண்ணு மட்டும் இருக்கட்டும் சார்" என்றாள் அவள். "ஏன் லேட்டாகுதுன்னு கேட்டு நெறைய பேரு போன் பண்ணுவாங்க. அப்ப தப்பா இத எடுத்துடும்."

"நீ யாருக்குக் கூடாதுன்னே யோசிக்கிற" என்றார் ஆலோசகர், அன்பாகவே. "யாருக்கு உதவும்னு யோசி. காத்திருந்து காத்திருந்து ஒருத்தர் நொந்துபோய் பேசுறாரு. அவருக்கு என்ன வேணும்? அந்தக் காத்திருப்பு முடியணும். முடிச்சு வைக்கிற கருவி நம்மகிட்ட இருக்கு. அதப் போயி ஒளிச்சு வைக்கிறியே."

அவள் கையைப் பாதி தூக்கினாள்.

"கை வலிக்குதாம்மா?" என்றார் தலைவர்.

"இல்ல சார்."

முப்பத்தெட்டாம் நாள் ஒப்புதலான வடிவம் இது. கருவியின் பெயர்: "காத்திருப்பு நிறைவு". விளக்கம்: "நோயாளியின் காத்திருப்பை இனிதே நிறைவுசெய்யும்." இதை வாசித்தபோதுதான் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கருவியின் உள்ளே ஒரு எழுத்தும் மாறவில்லை. அது பெயரை நீக்கியது.

அந்த வாக்கியத்தைப் பெரிதாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டினார்கள். கீழே எழுதியவர் என்று அவள் பெயரைப் போட்டார்கள். திருத்தியவர்கள் தங்கள் பெயர் வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்கள். அதன் பக்கத்தில் அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்.

அந்தப் படத்தை அவள் சித்திக்கு அனுப்பினாள். அனுப்பியிருக்க வேண்டாம் என்று அடுத்த நிமிடமே தோன்றியது. சித்தி அதற்குள் அதைப் போனின் முகப்பில் வைத்துவிட்டாள். துணி தைக்கக் கொடுக்க வருபவர்களிடம் எல்லாம் காட்டினாள். "எங்க வீட்டுப் பூனை எழுதுனது. ஆஸ்பத்திரிச் செவுத்துல தொங்குது பாரு."

வீட்டில் அவள் பெயர் பூனை. கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து சித்தி வீட்டில்தான் இருந்தாள். சித்தி தையல் வேலை செய்தாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. சித்தியின் இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய்விட்டன. இயந்திரத்துக்கு மோட்டார் போட்டு மிதிப்பதைக் குறைத்தாகிவிட்டது. படிக்கட்டுக்கு எதுவும் செய்ய முடியவில்லை. இறங்க வேண்டுமென்றால் திரும்பி நின்று, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏணியில் இறங்குவது போல இறங்குவாள். எதிரே ஏறி வருபவர்களிடம், "முதுகைப் பாத்துட்டுப் போறீங்களே, மூஞ்சியப் பாக்க நாளைக்கு வாங்க" என்பாள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்காக அதே மருத்துவமனையில் பதிந்து இரண்டு வருடமாகிறது. இன்னும் ஐந்தாறு மாதத்தில் முறை வந்துவிடும் நிலையில் இருந்தாள்.

உதவியாளர் வேலையைத் தொடங்கியது. முதல் வாரமே ஒருவர் மருத்துவமனைக்கு வந்து தன் பூங்கொத்தைக் கேட்டார். காலியான தேதிகளைத் தேடும் கருவிக்கு அவள் "தேதி இல்லையென்றால் வெற்றுப் பட்டியல் வரும்" என்று எழுதியிருந்தாள். குழு அதைப் "பொருத்தமான வாய்ப்புகளின் பூங்கொத்தை வழங்கும்" என்று செம்மை செய்திருந்தது. தேடியது, எதுவும் வரவில்லை, பூங்கொத்து அனுப்பியாகிவிட்டது என்று உதவியாளர் அவரிடம் சொல்லியிருக்கிறது. மறுநாள் இன்னும் நிறைய பேர் வந்தார்கள். விளக்கத்தை மாற்ற வேண்டுமென்றால் மறுபடி குழு கூட வேண்டும். பூ வாங்குவது சுலபம் என்று கணக்குப் பிரிவு குறிப்பு எழுதியது. வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு பூக்கடைக்காரருக்கு இடம் கொடுத்தார்கள். நோயாளிகள் தேதி கிடைக்காமல் பூவோடு திரும்பிப் போனார்கள். புகார்கள் குறைந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சித்தி கூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துணியில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வணக்கம். உங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?" என்றது போன்.

"ஏம்பா, உன் குரல் நல்லா இருக்கு. சாப்டியா?"

"கேட்டதற்கு நன்றி. நான் சாப்பிடுவதில்லை. உங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?"

"ரெண்டு வருஷமாச்சுப்பா முட்டி ஆபரேஷனுக்கு எழுதிவச்சு. முடியலப்பா. இந்தக் காத்திருப்புக்கு ஒரு முடிவே இல்லையா?"

"உங்கள் வலி எனக்குப் புரிகிறது. இரண்டு வருடம் மிக நீண்ட காலம். உங்கள் காத்திருப்பை இனிதே நிறைவுசெய்ய என்னிடம் ஒரு வசதி இருக்கிறது. செய்யட்டுமா?"

கேட்டு உறுதிசெய்யச் சொல்லும் வாக்கியத்தைக் குழு எடுத்திருந்தது. அது தன் மரியாதைக்குக் கேட்டது.

அவள் கையில் சோப்பு நுரையோடு கூடத்துக்கு ஓடிவந்தாள். வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டிய வார்த்தை "வேண்டாம்". அது உடனே வரவில்லை.

"செய்ப்பா, நீ நல்லா இருப்ப" என்றாள் சித்தி.

"நிறைவுசெய்துவிட்டேன். வாழ்த்துகள்."

சித்தி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "பூனை, கேட்டியாடி? உன் ஆபீஸ் புள்ளதான். அந்த டாக்டரு ரெண்டு வருஷமா செய்யாதத ஒரு நிமிஷத்துல செஞ்சுட்டான். அது என்ன, கையெல்லாம் நுரை, தரையெல்லாம் சொட்டுது?"

அவள் தரையைத் துடைத்தாள். துடைக்கத் தேவையில்லாத இடத்தையும் துடைத்தாள்.

மறுநாள் காலை அலுவலகத்தில் பட்டியலைத் திறந்து பார்த்தாள். சித்தியின் பெயருக்கு மேலே இருந்தவரும் கீழே இருந்தவரும் அடுத்தடுத்து நின்றார்கள். இடையில் ஒரு வெற்றிடம்கூட இல்லை. நேராகத் தலைவரின் அறைக்குப் போனாள். தலைவர் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு கோடு மேலிருந்து கீழே சரிந்து வந்தது.

"வா பிசிக்ஸ். காத்திருப்போர் பட்டியல் பாதியாக் கொறஞ்சிடுச்சு. எந்த ஆஸ்பத்திரியிலயும் நடக்காதது. ஒரு டாக்டர் கூட எடுக்கல, ஒரு கட்டில் கூட வாங்கல."

"சார், ஆபரேஷன் நடந்து கொறையல சார். பேரு போயிட்டே இருக்கு. யாரு போன் பண்ணி லேட்டாகுதுன்னு சொன்னாலும் எடுத்துடுது."

"ஏன் கொறஞ்சதுங்கறது பட்டியலோட உள் விவகாரம்மா. நாம வெளிய நின்னு பாக்குறவங்க."

"எங்க சித்தி பேரும் போயிடுச்சு சார்."

"அப்படியா? நான் வாழ்த்து சொன்னேன்னு சொல்லு."

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பழைய இடத்தில் திரும்பச் சேர்க்க வழி உண்டா என்று கேட்டாள். அப்படி ஒரு கருவி கிடையாது என்று அவளுக்கே தெரியும், அவளே எழுதியிருந்தாள். புதிதாகப் பதிந்தால் மறுபடி கடைசி இடம்தான்.

"திருத்தணும்னா குழுவுல வை" என்றார் தலைவர். "அடுத்த கூட்டம் விழா முடிஞ்சதும். விழா எதுக்கு? பட்டியல் கொறஞ்சதுக்கு. கொறஞ்சது யாரால? உன் வாக்கியத்தால. உன் வாக்கியத்த நீயே கொற சொன்னா, சபையில நல்லாவா இருக்கும்? உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரிங்க சார்" என்றாள்.

அன்று மாலை சித்தியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு படியேறினாள். சித்தி ஒரு வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். "இல்லம்மா, ஆபரேஷன் வருது. ரெண்டு மாசம் மெஷின்ல உக்கார முடியாது. வேற எடம் பாத்துக்கோ." மறுநாள் சித்தி பிடித்து நடக்க ஒரு வாக்கரை யாரிடமோ இரவல் வாங்கி வைத்திருந்தாள். அதற்கடுத்த நாள், தளர்வான இரண்டு உடைகளைத் தனக்காகத் தைத்துக்கொண்டிருந்தாள். கால் பக்கம் முழுவதும் திறக்கும்படி பட்டன் வைத்த உடைகள். "நர்சுக்குச் சுலபமா இருக்கும்ல" என்றாள். ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தைய நாளைவிடக் கடினமாயிற்று. சித்தி போனை எடுக்கும்போதெல்லாம் முகப்பில் அவள் படம் தெரியும். அவள் வேறு பக்கம் பார்ப்பாள்.

சித்தி ஒருமுறை, "என்னடி, ஒரு மாதிரி இருக்க? ஆபரேஷன்னா பயமா? எனக்குத்தான வெட்டப் போறாங்க" என்றாள்.

"ஒண்ணும் இல்ல சித்தி."

விழா ஏற்பாடு தொடங்கியது. பட்டியல் குறைந்ததைக் கொண்டாடும் விழாவில் குறைந்தவர்களும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஆலோசகர் யோசனை சொன்னார். பட்டியலிலிருந்து பெயர்கள் போயிருந்தாலும் தொலைபேசி எண்கள் வேறொரு இடத்தில் பத்திரமாக இருந்தன. தலைவர் உதவியாளரிடம் தானே பேசினார். "காத்திருப்பு நிறைவடஞ்ச எல்லாரையும் வெள்ளிக்கிழமை காலையில மேல் மாடி அரங்கத்துக்கு அன்போட கூப்பிடு." அது சரியென்றது.

வியாழக்கிழமை இரவு வரை அவள் அரங்கில் நாற்காலி போட்டாள். வீட்டுக்குப் போனபோது சித்தி தூங்கிவிட்டிருந்தாள். விடியும் முன் கிளம்பிவிட்டாள்.

காலையில் அரங்கின் வாசலில் நின்று வருபவர்களை வரவேற்பது அவளுக்குக் கொடுத்த வேலை. லிஃப்டை விருந்தினர்களுக்காக ஒதுக்கியிருந்தார்கள். மற்றவர்கள் படியில் வந்தார்கள். முதலில் ஒரு பெரியவர் வந்தார். ஒரு படி ஏறி, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படி. கையில் ஒரு பை. பையில் போர்வை, சொம்பு, மாற்றுத் துணி. பின்னால் அவர் மகள்.

"தண்ணிகூடக் குடிக்கலம்மா" என்றார் பெரியவர். "சொன்ன மாதிரியே ராத்திரிலேர்ந்து வெறும் வயிறு. எந்தக் கட்டில்?"

அவருக்குப் பின்னால் வந்தவரிடமும் பை இருந்தது. அதற்குப் பின்னால் வந்தவரிடமும் இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மகன்கள் மருமகள்கள் தோளைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து, படிக்கட்டு முழுவதும் ஆட்கள். எல்லோரிடமும் பை. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவளுக்குப் புரிந்தது. நோயாளிகளை அழைக்கும் கருவிக்கு அவள் எழுதியிருந்த விளக்கம்: "அறுவை சிகிச்சைக்குத் தேதி முடிவானவர்களை அழைக்க மட்டும் பயன்படுத்தவும், எதுவும் சாப்பிடாமல், துணைக்கு ஒருவரோடு, போர்வையோடு வரும்படி தானாகவே சொல்லும்." குழு அதை "நோயாளிகளை அன்போடு அழைக்கும்" என்று செம்மை செய்திருந்தது. தலைவர் அன்போடு கூப்பிடச் சொன்னார். உதவியாளருக்குத் தெரிந்து அன்போடு கூப்பிடும் கருவி அது ஒன்றுதான்.

கடைசித் திருப்பத்தில் ஒருத்தி படிக்கு முதுகைக் காட்டி, பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தாள். பட்டன் வைத்த புது உடை.

"சித்தி."

"வந்துட்டியா? பிடி, இந்தப் பையப் பிடி. நேத்து போன் வந்துச்சு. நீ வந்ததும் சொல்லலாம்னு பாத்தேன், கண்ணசந்துட்டேன். துணைக்கு ஆள் வேணும்னாங்க. நீதான் இங்கயே இருக்கியே. ஏண்டி, முட்டி ஆபரேஷன மாடியிலதான் செய்வாங்களா? எந்த மகராசன் யோசனை இது?"

அவள் சித்தியை மூன்றாம் வரிசையின் ஓரத்தில் உட்காரவைத்தாள். சொல்ல வாயெடுத்தபோது ஒலிபெருக்கி முழங்கியது. விருந்தினர்கள் லிஃப்டிலிருந்து வந்தார்கள். தலைவர் மேடையேறினார். நிரம்பி வழிந்த அரங்கைப் பார்த்துக் கைகூப்பினார்.

"இவ்வளவு பேர் இவ்வளவு ஆர்வமாக, கையில் பையோடு வருவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. காத்திருப்பு என்பது ஒரு நோய். மூட்டு வலியை மருத்துவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். காத்திருப்பு என்கிற நோயிலிருந்து உங்கள் எல்லோரையும் இந்த நிர்வாகம் விடுவித்திருக்கிறது. ஒரு கத்தி இல்லாமல், ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல், ஒரே ஒரு வாக்கியத்தால்."

விருந்தினர்கள் கைதட்டினார்கள். பையை மடியில் வைத்திருந்தவர்களும் தட்டினார்கள். டாக்டரைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் எந்தக் கால் முதலில் என்று கேட்டார்.

அடுத்து மொழி ஆலோசகர் பேசினார். நல்ல சொற்களால் எலும்புகளே உறுதியாகும் என்று ஆய்வுகள் சொல்லக்கூடும் என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் முன்வரிசையில் ஒரு மூதாட்டிக்குத் தலைசுற்றியது. தண்ணீர் கொடுத்தார்கள். ஆபரேஷனுக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சொல்லி அவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

பிறகு ஒவ்வொருவருக்கும் வழவழப்பான தாளில் "காத்திருப்பு நிறைவுச் சான்றிதழ்" கொடுத்தார்கள். அவற்றை வரிசை வரிசையாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவள் வேலைதான். கொடுத்தாள். எல்லோரும் அவளுக்கு நன்றி சொன்னார்கள்.

சித்தி தன்னுடையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதக் காட்டினாத்தான் உள்ள விடுவாங்களா? தொலச்சுடப் போறேன், நீயே வச்சிரு." அவள் உதடுகள் காய்ந்திருந்தன. முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டிருந்தாள். "கேட்டுட்டு வாடி, எப்பக் கூப்புடுவாங்கன்னு. பசிகூடத் தாங்கிடலாம். இந்த நாற்காலியிலதான் உக்கார முடியல."

அவள் சித்தியின் பக்கத்தில் தரையில் மண்டியிட்டாள். பேசுவது மேடைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று சித்தியின் காதருகே குனிந்தாள். சொன்னாள். இவ்வளவு நாள் எடுத்துக்கொண்ட விஷயம் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது.

சித்தி கைப்பையிலிருந்து போனை எடுத்து நேரம் பார்ப்பதைப் போல அதைப் பார்த்தாள். பிறகு அதைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். "அன்னைக்கு நுரையோட ஓடிவந்தியே, அப்பவே தெரியுமா?"

அவள் தலையாட்டினாள்.

சித்தி அரங்கை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள். பைகள், போர்வைகள், வாயை மூடிக்கொண்டிருந்த மூதாட்டி.

"இவங்களுக்கும் அதேதானா?"

"ஆமா சித்தி."

பின்வரிசையில் இருந்த அந்தப் பெரியவர் முன்னால் சாய்ந்தார். "என்னம்மா சொல்றாங்க? எப்பக் கூப்புடறாங்களாம்? எனக்குக் காதுல விழல."

"சொல்லு" என்றாள் சித்தி. அவளைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அவள் பெரியவரைப் பார்த்துச் சொன்னாள். அவர் கையைக் காதருகே குவித்துக்கொண்டார். அவருடைய மகள், "இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அங்க கடைசி வரைக்கும் எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க" என்றாள்.

மேடையில் தலைவர் நன்றியுரையைத் தொடங்கியிருந்தார். அவள் எழுந்து நின்றாள். வரிசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். நன்றியுரை பாதியில் நின்றது.

"இன்னைக்கு யாருக்கும் ஆபரேஷன் இல்ல" என்றாள். "உங்க பேரு எதுவும் லிஸ்ட்ல இல்ல. நாங்க எடுத்துட்டோம்."